பங்குனி முட்டலைத் தவிர்க்க: சிறு நிறுவனங்களுக்குக் காலப் பட்டியல் போடும் முறை

திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை வட்டாரங்களில் அரிசி ஆலைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் கணக்கு எழுதி வந்த ஆண்டுகளில், முதலாளி, தொழிலாளி என்ற வேறுபாடில்லாமல் எல்லோரிடமும் நான் கேட்ட முறையீடு, நேரம் போதவில்லை என்பதே. அதற்கு மருந்தாக வேலை நேரத்தை நீட்டியவர்களும் உண்டு. கூடுதல் ஆள் போட்டவர்களும் உண்டு. அதன் பிறகும் முறையீடு அப்படியே நின்றதைப் பார்த்த பின்னர்தான், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல காலங்கள் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்வதே பெரும்பாலும் காரணம் என்று எனக்கு விளங்கியது. அந்த முட்டல்களைக் கண்டுபிடித்து, நகர்த்தக்கூடியவற்றை நகர்த்துவதற்கு நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். பத்து முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும்.

முதல் நான்கு வாரம்

வருகைப் பதிவேடு இந்த வேலைக்கு உதவாது. ஒருவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை அது சொல்லும். இடையில் அவருடைய நேரம் எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லாது. எனவே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நோட்டு கொடுத்து, நாள் முடிவில் மூன்று செய்திகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: யாருக்காக, எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருந்தோம்; கையில் எடுத்த வேலையை எத்தனை முறை பாதியில் விட்டு எழுந்தோம்; எதை அவசர அவசரமாக முடித்தோம். நான்கு வாரம் எழுதினால் ஒரு சம்பள நாளும், ஒரு மாதக் கடைசியும், வரி கட்டும் தேதிகளும் அதற்குள் வந்துவிடும்.

இந்த நோட்டைக் கொண்டு யாருடைய கூலியையும் பிடிக்கப் போவதில்லை என்பதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கல ஆலையில், வார்ப்புத் தொழிலாளர்களின் வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கத் தொடங்கியபோது அவர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். ஒருவருடைய நேரத்தை அவரைக் கேளாமல் அடுத்தவர் அளப்பது, அவருடைய உழைப்பை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். அந்த எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால், பிறகு நோட்டில் வருவதெல்லாம் பொய்க்கணக்காகவே இருக்கும்.

சுவரில் ஒரு பெரிய தாள்

அடுத்து, தமிழ் மாதமும் ஆங்கில மாதமும் ஒன்றன் கீழ் ஒன்றாக வருமாறு ஓராண்டுக்கான பெரிய தாளை எல்லோரும் கடந்துபோகும் சுவரில் ஒட்டுங்கள். அதில் நான்கு வரிசைகள் வேண்டும்.

முதல் வரிசை ஆற்றுக்கும் காற்றுக்கும் உரியது. நம் பகுதியில் வயலோடு தொடர்பில்லாத தொழிலும்கூடக் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் பிடியில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையால் அணை நிறைந்து, ஜூன் வாக்கில் தண்ணீர் திறந்தால் கார் நடவு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பிசானம். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் கூலிக்கு ஆள் கிடைப்பது குறையும். அறுப்பு முடிந்த பின் கடைத்தெருவில் பணம் புழங்கும். குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில்தான் கயத்தாறு, பணகுடிப் பக்கங்களில் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழல்கின்றன. அங்கே பெரிய பராமரிப்பு வேலைகளைக் காற்று தொடங்கும் முன்பே முடிக்கப் பார்ப்பார்கள். சீசனில் ஒரு நாள் நின்றால் ஏற்படும் இழப்பும் மார்கழியில் ஒரு நாள் நின்றால் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல. உங்கள் தொழிலுக்கும் அப்படி ஒரு காற்றுக்காலம் இருக்கும். அது எந்த மாதம் என்பதைத் தாளில் குறியுங்கள்.

இரண்டாம் வரிசை அரசுத் தேதிகளுக்கு. டி.டி.எஸ். என்னும் பிடித்தம் செய்த வரி 7ஆம் தேதி, மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குகள் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும், பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி 15ஆம் தேதி என்று இவை மாதந்தோறும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே மார்ச் 31.

மூன்றாம் வரிசையில் விழாக்கள். அரசு விடுமுறைப் பட்டியல் இதற்குப் போதாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்களின் விரத நாட்கள், ரமலான் நோன்பு மாதம், தேவாலயங்களின் அசனப் பண்டிகைகள் எனப்படும் பொது விருந்துகள் என்று பட்டியல் நீளும். ஊர்க் கோயில்களின் கொடை விழாக்கள் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம் வரும் என்பதால், வேலைக்கு வருகிறவர்களிடம் நேரில் கேட்டால்தான் தெரியும். கொடைக்கு விடுப்புக் கேட்கிறவர் திடீரென்று கேட்பதாக நாம் நினைக்கிறோம்; அவருக்கோ அந்தத் தேதி கால்நாட்டிய நாளிலிருந்தே தெரியும். கேளாதது நம் குறை.

நான்காவது, வீடுகளின் காலம்: பள்ளி திறப்பு, பொதுத் தேர்வு, ஊருக்குக் கடைசிப் பேருந்து புறப்படும் நேரம். பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தால் இதன் எடை புரியும். இலையை நனைத்து வைப்பது, வெட்டுவது, சுற்றுவது எல்லாம் சமையலுக்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இடையில் செருகப்பட்டிருக்கும். சுற்றிய பீடியைக் கடைக்காரர் வாங்கிக்கொள்ளும் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினால், தெருவில் அத்தனை அடுப்பும் ஒரு மணி முன்னால் எரிந்தாக வேண்டும்.

முட்டும் இடம்

நான்கு வரிசைகளையும் மேலிருந்து கீழாகப் படித்தால், பெரும்பாலான இடங்களில் பங்குனியில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைக் காணலாம். நான் வேலை செய்த ஓர் ஆலையில் இதை ஒவ்வோர் ஆண்டும் அனுபவித்திருக்கிறேன். மாசியில் தொடங்கும் பிசான அறுப்பின் நெல் வண்டி வண்டியாக வந்து நிற்கும். ஆண்டுக் கணக்கை மார்ச் 31க்குள் முடித்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு. பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போயே தீர வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட நம்மால் நகர்த்த முடியாது. ஆனால் இதே மாதத்தில், வெறும் பழக்கத்தால் நாங்களே வைத்துக்கொண்டிருந்த வேலைகளும் இருந்தன: சாக்குக் கையிருப்பை எண்ணுவது, இயந்திரங்களைக் கழற்றிப் பார்ப்பது, பழைய பாக்கிகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவது. அவற்றைப் பொங்கல் முடிந்த கையோடு தையிலேயே முடித்துவிடுவது என்று மாற்றிய ஆண்டில், ஆள் கூட்டாமலேயே பங்குனி கடந்தது. நகராதது எது, பழக்கத்தால் அங்கே நிற்பது எது என்று ஒவ்வொரு முட்டலிலும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. முதல் ஆண்டில் ஒன்றிரண்டை மட்டும் நகர்த்துங்கள்.

ஒரு நாளுக்குள்

நாளின் அமைப்பிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். நெல் காயும் களம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதால், அதற்கு மேற்கே இருக்கும் திருநெல்வேலியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12 மணி 19 நிமிடத்தைத் தாண்டியிருக்கும். களத்துக்காரர்களை அலுவலகத்து மணிக்குச் சாப்பிட அழைப்பதில் பொருளில்லை. அவர்களுக்குத் தனிச் சாப்பாட்டு நேரம் வையுங்கள்.

அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவர்களுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் குறுக்கீடில்லாமல் கிடைக்க வேண்டும். 1990களில் லெஸ்லி பெர்லோ என்ற ஆய்வாளர் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களிடையே, வாரத்தில் மூன்று நாள் நண்பகல் வரை ஒருவரை ஒருவர் குறுக்கிடக் கூடாது என்று ஏற்பாடு செய்து பார்த்தார். நம் இடங்களில் இதற்குத் தடையாக இருப்பவர் பெரும்பாலும் முதலாளியே. நினைத்தபோதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு, கேட்க வேண்டியவற்றைத் தாளில் குறித்துவைத்துப் பதினொரு மணித் தேநீருக்குப் பின் மொத்தமாகக் கேட்கும் பழக்கத்தை அவர்தான் தொடங்க வேண்டும்.

தேநீர் இடைவேளையில் மட்டும் கை வைக்காதீர்கள். டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் ஓர் ஆலையில் தாமே இயந்திரம் இயக்கி, அங்கே நாள்தோறும் ஒரே மாதிரி நடந்த சிறு இடைவேளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் எடுத்துத் தின்பதும், அதையொட்டிய கூச்சலும் அவற்றில் ஒன்று. அலுப்பூட்டும் நீண்ட நாளைத் துண்டு துண்டாக்கித் தாங்கச் செய்தவை அவையே என்று அவர் கண்டார். நம் பட்டறைகளில் மூன்றரை மணிக்கு வாங்கிவரும் வடையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கெடு உள்ள வேலைகள்

கெடு வைத்துச் செய்யும் வேலைகளுக்கு, கெடுத் தேதியைப் போலவே அதுவரையுள்ள காலத்தின் நடுவில் வரும் நாளையும் தாளில் குறியுங்கள். 1988இல் கோனி கெர்சிக் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் குழுக்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கெடு சில நாட்களானாலும் பல மாதங்களானாலும், ஏறத்தாழ பாதிக் காலம் கடந்ததும் குழுக்கள் பழைய போக்கை விட்டுப் புதிய வழிக்கு மாறின. தீபாவளி ஆர்டருக்கு அறுபது நாள் இருந்தால், முப்பதாம் நாள்தான் கூடிப் பேசுவதற்கு உரிய நாள். அதற்கு முன் சொல்லும் திருத்தம் காதில் ஏறுவதில்லை. வெகுவாகப் பிந்தினால் செய்வதற்கு நாள் இருப்பதில்லை.

புதிய தாளைச் சித்திரைப் பிறப்பை ஒட்டி, பங்குனியின் களைப்பு நினைவில் இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். பழைய தாளைக் கிழிக்காமல் அதன் அருகிலேயே விட்டு, எந்த வாரத்தில் எது முட்டியது என்பதை ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுதட்டும். களத்தில் நிற்பவருக்கு எழுதவரவில்லையென்றால், அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் நின்று நீங்கள் எழுதுங்கள்.