அரசியல் அறிவியல் படிக்க வெளிநாடு: பினாங்கிலிருந்து கிளம்பும் வழி

"அரசியல் படிக்கப் போறேன்" என்று நான் வீட்டில் சொன்ன அன்று, பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்திருந்த மாமா கேட்டது, "எந்தக் கட்சிலடா சேரப் போறே?" அடுத்து அம்மா: "ஏன், வேற எதுக்கும் மார்க் பத்தலையா?" பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. பினாங்கில் பட்டம் முடித்து, சில வருடம் வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்தில் முதுகலை படித்துத் திரும்பிய பின்னும் மாமாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. போகட்டும். இது மாமாவுக்கு எழுதுவது இல்லை. ஆறாம் படிவத்திலோ ஏ-லெவலிலோ இருந்துகொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுவது.

படி 1: முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

பல்கலைக்கழகப் பட்டியலில் தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், நானும்தான். கல்விக் கண்காட்சிக்குப் போய்ப் பை நிறைய கையேடு வாங்கி வந்தேன். எல்லாவற்றிலும் ஒரே பச்சைப் புல்வெளி, அதே சிரித்த முகங்கள். ஒன்றும் புரியவில்லை.

உங்கள் ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். ஓர் உதாரணம் தருகிறேன். மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955இல். அதற்கு நாலு வருடம் முன்பே, 1951 டிசம்பரில், ஜார்ஜ் டவுன் மக்கள் ஓட்டுப் போட்டு நகராண்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965இல் நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். இன்றைக்கு மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 2012இல் பினாங்கு சட்டமன்றம் உள்ளாட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நம் தெரு சாக்கடையைப் பார்த்துக்கொள்கிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தாத்தாவுக்கு இருந்தது, பேரனுக்கு இல்லை. ஏன்?

இந்த ஒரு கேள்வியை வைத்தே துறை முழுவதையும் சுற்றிப் பார்த்துவிடலாம். "நியமித்தவர் நன்றாக வேலை செய்தால் தேர்தல் எதற்கு?" என்று கேட்டால் அது அரசியல் கோட்பாடு. "ஜகார்த்தாவில், சென்னையில், லண்டனில் எப்படி?" என்று கேட்டால் ஒப்பீட்டு அரசியல். "தேர்தல் இருந்தால் குப்பை ஒழுங்காக அள்ளப்படுமா?" என்பது பொதுக் கொள்கை. "நிறுத்தியதற்கு இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டினார்களே, வெளிப்பகை உள்ளூர் ஜனநாயகத்தை எப்படித் தொடுகிறது?" என்பது அனைத்துலக உறவுகள் பக்கம் போகிறது. "இதையெல்லாம் எண்களை வைத்து எப்படி நிரூபிப்பது?" என்று கேட்டால் ஆய்வுமுறை, அதாவது புள்ளியியல். அரசியல் படிப்பில் கணக்கு இருக்காது என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வருடத்திலேயே மாட்டுவது இங்கேதான்.

உங்கள் கேள்வி வேறாக இருக்கலாம். 2019இல் அரசியலமைப்பைத் திருத்தி வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கினார்கள், 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள், போடாதவர்கள் ஏன் போடவில்லை? தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டு எத்தனை வருடம் அலைகிறார்கள், யார் கதவைத் தட்டினால் திறக்கிறது? எதுவானாலும் சரி, அந்தக் கேள்விதான் கடைசி வரை உங்களோடு வரப்போகிறது. கிரீன் லேனில் உள்ள பினாங்கு மின்னூலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றி ஒரு மாதம் படியுங்கள். லைட் ஸ்திரீட்டில் சட்டமன்றம் கூடும்போது பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி கேட்டுப் பாருங்கள். நாற்பது பேர் கொண்ட மன்றம், யார் எப்போது தூங்குகிறார் என்பது வரை தெரியும்.

படி 2: கேள்விக்கு ஏற்ற படிப்பு

ஒரே துறைக்குப் பல பெயர். ஹார்வர்டில் 'கவர்மென்ட்', பிரின்ஸ்டனில் 'பாலிடிக்ஸ்', சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'பொலிட்டிக்கல் சயன்ஸ்'. ஆக்ஸ்போர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் கட்டி பி.பி.இ. என்கிறார்கள். கேம்பிரிட்ஜில் மானுடவியலும் சமூகவியலும் சேர்ந்து வரும். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு வருடமும் என்னென்ன பாடம் என்ற பட்டியல் அவர்கள் இணையத்தளத்தில் இருக்கும், அதைத் திறந்து உங்கள் கேள்விக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தென்கிழக்காசியா பற்றி ஒரு பாடம்கூட இல்லாத இடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை.

பொருளாதாரத்தோடு சேர்ந்த படிப்பு என்றால் பெரும்பாலும் கணிதம் கேட்பார்கள். தனி அரசியல் படிப்புக்கு இந்தப் பாடம் கட்டாயம் என்று பொதுவாக இல்லை, ஆனால் வரலாறும் பொருளாதாரமும் இருந்தால் நல்லது. ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடத்தைப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மற்ற பாடங்கள்தான் உங்கள் கையிருப்பு.

படி 3: எந்த நாடு

பிரிட்டன்: இங்கிலாந்தில் மூன்று வருடம், ஸ்காட்லாந்தில் நான்கு. எஸ்.டி.பி.எம். அங்கே நன்கு தெரிந்த சான்றிதழ். அரசியலுக்கு ஆக்ஸ்போர்டு, எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) என்று எல்லோரும் சொல்வார்கள். வேல்ஸில் உள்ள அபரிஸ்ட்வித்தைச் சொல்லமாட்டார்கள். அனைத்துலக அரசியலுக்கென்று உலகிலேயே முதல் துறை 1919இல் அங்கேதான் தொடங்கியது. கடலோரச் சிறு ஊர், வாடகையும் லண்டன் மாதிரி கழுத்தைப் பிடிக்காது.

ஆஸ்திரேலியா: கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கும், ஜூலையிலும் சேரலாம். கன்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கு நம் பக்கத்து நாடுகள் பற்றிய ஆய்வில் பெரிய பெயர்.

சிங்கப்பூர்: பக்கம், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அரசின் கட்டண மானியம் வாங்கினால், படித்து முடித்து மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இதை வீட்டில் பேசிவிடுங்கள்.

ஜெர்மனி: அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஆனால் இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். முதுகலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கில வழிப் படிப்புகள் உண்டு.

பிரான்சில் சியான்ஸ் போ இருக்கிறது, 1872இல் தொடங்கியது. அதன் லெ ஆவ்ர் வளாகம் ஆசியாவை மையமாக வைத்தது, அங்கே ஆங்கிலத்திலேயே படிக்கலாம். அமெரிக்காவில் நான்கு வருடம், கட்டணம் மலைக்க வைக்கும். ஆனால் வெளிநாட்டு மாணவரிடமும் வசதி பார்க்காமல் இடம் கொடுத்து, தேவையான உதவியும் தரும் ஹார்வர்டு, யேல் போன்ற சில இடங்கள் உண்டு. உள்ளே நுழைவதுதான் கஷ்டம். இந்தியாவை மறந்துவிடாதீர்கள்: மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பட்டம் வாங்கியது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்.

என் சொந்த அபிப்பிராயம்: நடுத்தர வருமானக் குடும்பம் என்றால், முதல் பட்டத்தை பினாங்கில் உள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), மலாயா பல்கலைக்கழகம் மாதிரி இங்கேயே முடித்துவிட்டு, வெளிநாட்டை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரே வருடம். உபகாரச் சம்பளமும் அந்தக் கட்டத்தில்தான் அதிகம்.

படி 4: விண்ணப்பம்

பிரிட்டன் வழியை விவரமாகச் சொல்கிறேன், நான் அதிகம் பார்த்தது அதுதான்.

இளங்கலைக்கு எல்லாம் யூகாஸ் என்ற ஒரே தளத்தில். ஐந்து இடம் வரை தேர்ந்தெடுக்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே வருடத்தில் போட முடியாது. அவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை ஆறு மணி. நமக்கு அது 16ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. மற்றவற்றுக்கு ஜனவரியில் முடியும். கடைசி ராத்திரி வீட்டு வைஃபை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பர்சனல் ஸ்டேட்மென்ட் ஒன்றுதான், ஐந்து இடத்துக்கும் அதுவே போகும். முன்பு ஒரே கட்டுரையாக எழுத வேண்டியிருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்வியாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்ந்து 4000 எழுத்துக்குள், இடைவெளிகளையும் சேர்த்து. "சிறு வயதிலிருந்தே அரசியலில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். படி 1இல் பிடித்த கேள்வியை முதல் வரியிலேயே போடுங்கள். ஜார்ஜ் டவுன் உள்ளாட்சித் தேர்தல் கதையோடு வருகிற விண்ணப்பம் அங்கே உள்ளவருக்குத் தினமும் கிடைக்காது. அதைத் தேடி என்ன படித்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், எந்த இடத்தில் உங்கள் எண்ணம் மாறியது என்று எழுதுங்கள். பள்ளி அணித்தலைவர், சிலம்பம், பூப்பந்து எல்லாம் கடைசி இரண்டு வரியில் போதும்.

அப்புறம் ஆசிரியரின் ரெஃபரன்ஸ். இங்கேதான் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிக்கல். எஸ்.டி.பி.எம். ஆசிரியர்களில் பலர் யூகாஸைப் பார்த்தே இருக்கமாட்டார்கள், எதிர்பார்க்கும் கிரேடு எழுதிக் கொடுத்தும் பழக்கமில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. நீங்கள் போய், "டீச்சர், இதுதான் அவங்க கேக்குறது" என்று யூகாஸ் தளத்தில் ஆசிரியர்களுக்கான விளக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள். உங்கள் பருவ முடிவுகள், செய்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னால்.

ஐயெல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், நான் அடைந்தேன். மொத்தம் ஏழரை, எழுத்துப் பகுதியில் மட்டும் ஆறு. பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதியிலும் ஆறரை கேட்டிருந்தது. மறுபடி காசு கட்டி எழுதினேன். அந்தத் தேர்வின் செல்லுபடி இரண்டு வருடம்.

ஏஜெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இலவச உதவி என்பார்கள். அவர்களுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம், அதனால் தருகிற இடத்தைத்தான் காட்டுவார்கள். என்னிடம் ஒருவர் அரசியல் துறையே இல்லாத ஒரு கல்லூரியின் பிசினஸ் படிப்பை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார். விசா பாரம் நிரப்ப உதவி கேளுங்கள், எந்தப் படிப்பு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

படி 5: பணம்

பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 20,000 பவுண்டுக்குக் குறையாது, லண்டனில் 30,000ஐ நெருங்கும், தாண்டும். ஒரு பவுண்டுக்கு ஐந்தரை ரிங்கிட் என்று வைத்தாலும் குறைந்தது 110,000 ரிங்கிட். சாப்பாடு, வாடகை தனி. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியில் அப்பா அம்மாவின் 'அக்காவுன் செஜாதெரா' கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. ஆனால் அது அவர்கள் முதுமைக்கான பணம். அதைத் தொடும் பேச்சைப் பிள்ளைகள் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி.

முதுகலைக்குச் செவ்னிங் உபகாரச் சம்பளம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு முழுச் செலவையும் ஏற்கும். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதை 2800 மணி நேரமாகக் கணக்கிடுகிறார்கள். முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட். செவ்னிங்குக்கும் ஃபுல்பிரைட்டுக்கும் "திரும்பி வந்து என்ன செய்வாய்?" என்பதற்குப் பதில் வேண்டும். உங்கள் கேள்வி மறுபடி கைகொடுக்கும் இடம் இது.

அரசு வேலை, குறிப்பாக விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு), மனதில் இருந்தால் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் கட்டாயம். லண்டன் பட்டம் அதை ஈடுகட்டாது.

படி 6: இடம் கிடைத்த பிறகு

யூகாஸில் ஓர் இடத்தை முதல் தேர்வாகவும், இன்னொன்றைப் பாதுகாப்புக்காகவும் வைக்கலாம். பாதுகாப்பு இடம் குறைந்த மதிப்பெண் கேட்பதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே மதிப்பெண் கேட்டால் அதில் என்ன பாதுகாப்பு?

விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். எண் (சேர்க்கையை உறுதிசெய்யும் எண்) வேண்டும். செலவுக்கான பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். மலேசியர்களிடம் பொதுவாக அந்த ஆவணத்தை உடனே கேட்பதில்லை, ஆனால் கேட்டால் காட்டும்படி இருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்ட், படிப்புக் காலம் முழுவதற்கும் மொத்தமாக முன்கூட்டியே. இதைப் பட்ஜெட்டில் சேர்க்க மறந்து கடைசி வாரத்தில் சித்தப்பாவிடம் கைநீட்டியவர்களை எனக்குத் தெரியும்.

போவதற்கு முன் தேர்தல் ஆணையத் தளத்தில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் தேர்தல் அறிவித்த பின் கிடைப்பது சில வாரம்தான். ஓட்டுச் சீட்டு அங்கே வந்து, நீங்கள் குறித்து, வாக்குப்பதிவு நாளுக்குள் இங்கே உங்கள் தொகுதி அதிகாரியின் கைக்குத் திரும்ப வேண்டும். வழக்கமாக, அதே நேரம் பினாங்குக்குத் திரும்பும் யாராவது ஒருவர் பையில் பத்துப் பேர் ஓட்டும் சேர்ந்து வரும்.