ஜப்பானிய கேம் பேச்சைப் பிரித்துப் படிக்கலாம் வாங்க

ஜப்பானியர் ஒருவர் கேம் விளையாடும் வீடியோவில் "ரஸுபொஸு!" என்று கத்தினால் அகராதியைத் தேடாதீர்கள். அது லாஸ்ட் பாஸ். ஆட்டத்தின் கடைசியில் வரும் பெரிய எதிரி. ஆங்கிலத்திலிருந்து போன இத்தகைய சொற்களை மனப்பாடம் செய்வதைவிடப் பிரித்துப் பார்க்கப் பழகுவதே நல்லது.

படி 1: கதகனா எழுத்தைப் படியுங்கள். அடிப்படை எழுத்துகள் 46. வெளிநாட்டுச் சொற்களைப் பெரும்பாலும் இதில்தான் எழுதுவார்கள்.

படி 2: ஒலி மாறும் விதம். ஜப்பானியச் சொல் 'ன்' தவிர வேறு மெய்யில் முடியாது. நாம் கப்பைக் 'கப்பு' என்பதுபோல அவர்களும் 'உ' சேர்ப்பார்கள்; 'ட்' வந்தால் 'ஒ'. ல கிடையாது, எல்லாம் ர. லெவல் 'ரெபெரு' ஆவது இப்படித்தான் ('வ' இங்கே 'ப' ஆகிவிட்டது).

படி 3: வெட்டு. புதியவர்கள் திணறும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள். இரண்டு சொற்களின் தலையிலிருந்தும் இரண்டிரண்டு மாத்திரை எடுத்து ஒட்டுவார்கள். நம் இலக்கணத்தில் 'ன்' அரை மாத்திரை, அவர்களுக்கோ முழு மாத்திரை. எனவே 2004இல் வந்த மான்ஸ்டர் ஹன்டர் 'மொன்ஹன்'. 1983இல் வந்த ஃபேமிலி கம்ப்யூட்டர் 'ஃபமிகொன்'. எனக்கு மிகவும் பிடித்தது 'ரிஸெமர', அதாவது ரீசெட் மாரத்தான். மொபைல் கேமில் தொடக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் குலுக்கலில் நல்ல கதாபாத்திரம் விழவில்லையென்றால், அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். விழும்வரை இதே வேலைதான். அந்தப் பொறுமை முழுவதும் நான்கு மாத்திரைக்குள் அடங்கிவிட்டது!

படி 4: வினையாக்குவது. பக் என்பது 'பகு'. 'ரு' சேர்த்தால் 'பகுரு', கேம் கோளாறாவது. கோளாறாகிவிட்டால் 'பகுத்தா'. (முதல் எழுத்தைப் 'பஸ்' என்பதில் வருவதுபோல் சொல்லுங்கள்.) லேக் என்பது 'ரகு', 'இ' சேர்த்து 'ரகுஇ' என்றால் இணையம் இழுக்கிறது என்று பொருள். இப்படி ஒட்டாத சொற்களுக்கு 'சுரு' போடுவார்கள். நாம் 'லைக் பண்ணு' என்கிறோமே, அந்தப் 'பண்ணு'தான் அது. கேரி என்பது 'கியரீ'; 'கியரீ சுரு' என்றால் வலுவில்லாத கூட்டாளியையும் தாங்கி ஜெயிக்கவைப்பது.

ஓர் எச்சரிக்கை: வெட்டியபின் இரு சொற்கள் ஒன்றாகிவிடலாம். 'நோகொன்' கேமில் நோ கன்டினியூ, தோற்று மறுபடி தொடராமல் முடிப்பது. பேஸ்பாலில் அதே சொல் நோ கன்ட்ரோல், குறி தவறிப் பந்து வீசுபவரைக் குறிக்கும். பேசும் இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒன்று: 'ரிஸுகிரு'. மூன்றாம் படிப்படி நடுவில் வெட்டுங்கள்: ரிஸு, கிரு. ரீஸ்பான், கில். செத்து மீண்டும் களத்தில் எழுபவரை, கால் ஊன்றும் முன்பே சுட்டு வீழ்த்துவது.