வரப்பு மூலிகைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். மழைக்குப் பின் வயல் வரப்பில் தானாக முளைத்துக் கிடக்கும் இச்செடியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது பல தலைமுறை வழக்கம். அவ்வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதைக் கடைப்பிடிக்கும் விதத்தில் நேரும் தவறுகளே இங்கு பேசப்படுகின்றன.

இலைக்கு அடியில் காய் தொங்கினாலே கீழாநெல்லி என்று முடிவு செய்துவிடுகிறோம். செங்கீழாநெல்லிக்கும் அடியில்தான் காய்க்கிறது. கிளையைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்கும், செங்கீழாநெல்லியின் காயோ சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும், தண்டிலும் செம்மை ஓடும்.

இதைவிடப் பெரிய தவறு, காமாலையையே ஒரு தனி நோயாக எண்ணுவது. கண் மஞ்சளாவது, கல்லீரலிலோ பித்தநாளத்திலோ இரத்தத்திலோ கோளாறு இருப்பதன் அடையாளம் மட்டுமே. அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ என்னும் கல்லீரல் அழற்சி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் நற்பெயர் அதற்கே போய்ச் சேரும். ஆனால் பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தாலோ, எலிக்காய்ச்சலாக இருந்தாலோ, கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்திருந்தாலோ, பச்சிலையை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைக் கூட்டும். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கீழாநெல்லி பலன் தந்ததாகச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது உண்மைதான். பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பது மட்டும் ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனவே இரத்தப் பரிசோதனை முதலில், மற்றவை பிறகு.

பறிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். களைக்கொல்லி அடித்த வரப்பில், இன்னும் வாடாமல் நிற்கும் செடியும் மருந்தை உள்ளே இழுத்திருக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. சாக்கடை ஓரமும் நெடுஞ்சாலை ஓரமும் அப்படியே ஒதுக்க வேண்டியவை.

ஒருவருக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறே. குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சியைக் குடித்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வு இலங்கையில் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் அவர்கள். இருமலுக்குப் பெயர்போன ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை நாள்தோறும் காய்ச்சிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டபோது, அது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்ற சர்ச்சை எழுந்தது. அடையாளம் காண்பதன் சிக்கல் அங்கும் வந்து நின்றது.

எருக்கம்பாலை முள் குத்திய இடத்தில் வைப்பவர்கள் அதே விரலால் கண்ணைத் தொட்டுவிடுவதுண்டு. உடனே வலிக்காமலே கருவிழி வீங்கிப் பார்வை மங்கக்கூடும் என்பதால், வலியில்லை என்று விட்டுவிடாமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செங்காந்தள் கிழங்கு இவற்றையெல்லாம்விடக் கொடியது. மாநில மலராகப் போற்றப்படும் இதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு சில மணி நேரம் ஒன்றும் செய்யாததுபோல் இருந்துவிட்டுப் பிறகுதான் வாந்தியும் பேதியுமாக வெளிப்படும். தின்றது தெரிந்தவுடன், வாந்தி வருவதற்காகக் காத்திராமலும், உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாமலும், மீதமுள்ள கிழங்கையோ கொடியின் ஒரு துண்டையோ கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.