செஷல்ஸில் ஃப்ளை தூண்டில்: லைன்தான் முதலில்

செஷல்ஸின் அல்போன்ஸ் தீவுப் பக்கம் முழங்கால் ஆழத்தில் நடந்து, ஃப்ளை எனும் எடையற்ற போலி இரையை வீசி மீன் பிடிக்கப் போகிறவர்கள் ராடுக்குச் (தூண்டில் கோலுக்கு) செலவழித்துவிட்டு, ஃப்ளையைச் சுமந்து போகும் தடித்த நூலான லைனில் கோட்டை விடுவார்கள். குளிர்நாட்டு லைன் அந்த வெயிலில் நூடுல்ஸ் மாதிரி துவண்டு, ராட் வளையங்களில் ஒட்டும். வீச்சு தூரம் போகாது. 'டிராபிக்கல்' என்று போட்ட லைனே வேண்டும், உபரியாக ஒன்றும்.

போன்ஃபிஷ் மீனுக்கு 8 எண் ராட் (எண் கூடினால் வலு கூடும்), நூல் சுற்றும் ரீலில் லைனுக்குப் பின்னால் கட்டும் 30 பவுண்டு தாங்கும் பேக்கிங் நூல் 200 கெஜம், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே 12 முதல் 16 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு, அதாவது லீடர். பாறை மீன் இனத்து ராட்சதனான ஜயன்ட் ட்ரெவலிக்கு 12 எண் ராட், 100 பவுண்டுக்குக் குறையாத லீடர்.

செருப்பு வேண்டாம், பவளம் கிழிக்கும். கெட்டி அடிப்பாகமுள்ள பூட்ஸ், உள்ளே தடித்த சாக்ஸ். செம்பு நிற போலரைஸ்டு கண்ணாடி இல்லாவிட்டால் மீனே கண்ணில் படாது. ஈர லைன் அறுக்கும் விரல்களுக்குத் துணி உறை. கொக்கி, பிளையர் எல்லாம் செக்-இன் பெட்டியில்.

மாலையில் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்த பிறகு டிராக்கை, அதாவது ரீலின் பிரேக்கை, தளர்த்தி வையுங்கள்.