வீட்டில் பத்து நிமிடம்: குடும்பத்தோடு சேர்ந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பை உயர்த்துவது எப்படி?

முதன்முதலில் ஒரு வகுப்புக்குப் பொறுப்பேற்றபோது, பெற்றோரைப் பள்ளிக்கு வரவைத்துவிட்டால் போதும், பிள்ளைகளின் படிப்பு தானாக உயர்ந்துவிடும் என்று நம்பினேன். கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். நாற்காலி பத்தவில்லை. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைகள் அடுத்த மாதமும் அப்படியேதான் திணறினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒழுக்கம், சீருடை, தேர்வுத் தேதி எல்லாம் பேசினேன். ‘இன்று ராத்திரி என் பிள்ளையோடு இதைச் செய்யலாம்’ என்று வீட்டுக்கு எடுத்துப்போகும்படி ஒன்றுகூடச் சொல்லவில்லை.

குடும்பமும் பள்ளியும் கைகோக்கும் வழிகளை அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் ஆறாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்புக்குத் துணை நிற்பது, தகவல் பரிமாற்றம், தன்னார்வ உதவி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, ஊராரோடு கூட்டு முயற்சி. ஆறும் தேவைதான். ஆனால் புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் ஆறையும் ஒரே நேரத்தில் தூக்கிச் சுமக்க வேண்டாம். படிப்பை நேராகத் தொடுவது வீட்டில் கற்றல். அதற்குக் கதவு திறந்துவிடுவது நல்ல தகவல் பரிமாற்றம். இந்த இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள்

பெற்றோரிடம் பேசும் முன், எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நமக்குத் தெரிய வேண்டும். வாசிப்பு என்றால், பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். சரியாகப் படித்த சொற்களை எண்ணித் தேதியோடு எழுதிவையுங்கள். 30 பிள்ளைகள் இருந்தால் நாளுக்குப் பத்துப் பேர் என்று மூன்று நாளில் முடியும். கணக்கு என்றால் ஒரே வகையில் பத்துக் கணக்குகள் போதும்.

குறிப்பைக் கூர்மையாக எழுதுங்கள். ‘கழித்தலில் வீக்’ என்றால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் கடன் வாங்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்து 35 என்று எழுதுகிறான்’ என்றால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

படி 2: முதல் அழைப்பு நல்ல செய்திக்காக

பள்ளியிலிருந்து போன் வந்தாலே பல வீடுகளில் பயம்தான். பிள்ளைக்கு அடிபட்டிருக்கும், இல்லையென்றால் ஏதோ புகார். அந்தப் பயம் முதலில் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, வீட்டுக்கு மூன்று நிமிடம். ஆறு பள்ளி நாளில் 30 குடும்பங்களோடும் பேசிவிடலாம். நான் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம்மா, வகுப்பு டீச்சர் பேசுறேன். பயப்படாதீங்க, நல்ல விஷயம்தான். பக்கத்துல இருந்த பையனுக்குக் கணக்கு வரலைன்னு உங்க பொண்ணு பொறுமையா சொல்லிக் கொடுத்தா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அப்புறம் இரண்டே கேள்விகள். “வீட்ல அவளுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?” “எந்த நேரத்துல கூப்பிட்டா உங்களுக்குத் தோதா இருக்கும்?” பதிலை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பதில் ஆண்டு முழுக்கக் கைகொடுக்கும்.

இதை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதுவதே இல்லை என்று அவன் அப்பாவிடம் போனில் கோபமாகச் சொன்னேன். மறுநாள் என்னைப் பார்த்ததும் அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். விரல்கள் வீங்கியிருந்தன. அன்றிலிருந்து குறை சொல்ல வேண்டிய நிலை வந்தால், கூடவே நான் வகுப்பில் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சொல்கிறேன். “தயவுசெய்து அடிக்காதீங்க, நாம சேர்ந்து சரிபண்ணிடலாம்” என்று வாய்விட்டே சொல்கிறேன். இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

படி 3: பத்து நிமிட வேலை ஒன்றைக் கொடுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகம். வீட்டுக்குப் போகும் வேலைக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனைகள் மூன்று: பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், வகுப்பில் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததாக இருக்க வேண்டும், வேலையை நடத்துவது பிள்ளையாக இருக்க வேண்டும். பெற்றோரை இன்னொரு ஆசிரியராக மாற்றப் பார்க்காதீர்கள். புதிய பாடம் நடத்துவது நம் வேலை. பழகியதைத் திரும்பச் செய்யும்போது பக்கத்தில் அக்கறையாக ஒருவர் இருப்பதுதான் வீட்டின் வேலை.

“எனக்கே படிக்கத் தெரியாது டீச்சர், நான் எப்படிச் சொல்லிக்கொடுக்குறது?” என்று ஓர் அம்மா கேட்டார். அவரைப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்துகாட்டினேன். பிள்ளை விரலை வைத்துப் படிப்பாள். விரல் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால், அந்த வரியை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிந்ததும் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். படித்து முடித்ததும் கதையை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து வாசலில் என்னைப் பார்த்தவர், “அந்த நரி கடைசியில திரும்பி வரவே இல்லையே டீச்சர், ஏன்?” என்று கேட்டார். அந்த வீட்டில் கதை நடந்திருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஆய்வும் இருக்கிறது. பெரியவர் படித்துக்காட்டப் பிள்ளை சும்மா கேட்பதைவிட, கேள்வி கேட்டு, பிள்ளை சொன்ன பதிலை இன்னும் கொஞ்சம் நீட்டி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைக்கும் உரையாடல் வாசிப்பு மொழித்திறனை வளர்க்கிறது என்று 1988-இல் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் காட்டினார்கள். அதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

கணக்குக்கும் இதே வழிதான். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிய பையனுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும் சில ஒற்றைக் குச்சிகளும் கொடுத்தனுப்பினேன். 52-ஐ ஐந்து கட்டும் இரண்டு குச்சியுமாக வைக்க வேண்டும். ஏழு குச்சியை எடுக்க முடியவில்லையா, ஒரு கட்டைப் பிரி. ‘ஏன் பிரிச்சே?’ என்று வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும், அவன் காரணம் சொல்ல வேண்டும். தாளில் வராதது கையில் வந்தது.

வாரம் ஒரு முறை பேட்டி வேலையும் கொடுங்கள். ‘பாட்டி சின்ன வயதில் என்ன விளையாடினார் என்று கேட்டு ஐந்து வரி எழுது’ என்பது போல. வீட்டாரோடு பேசினால்தான் முடிக்க முடியும் என்பதால், தாத்தா, அக்கா, மாமா யார் இருந்தாலும் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்றால், பெற்றோர் தங்களுக்குச் சரளமான மொழியிலேயே பேசட்டும், கதை சொல்லட்டும். தட்டுத்தடுமாறி இன்னொரு மொழியில் பேசச் சொன்னால் வீட்டில் பேச்சே குறைந்துவிடும்.

படி 4: விடுப்பைக் கவனியுங்கள்

பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் போவதைத் தொடர் விடுப்பு என்று கணக்கிடுகிறார்கள். 180 நாள் என்றால் 18 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு நாள்தான். பெற்றோருக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. எனவே ‘ஒழுங்காக அனுப்புங்கள்’ என்று சொல்லாமல், எண்ணையும் தவறிய பாடத்தையும் சொல்லுங்கள்: “இதுவரை ஒன்பது நாள் வரலை, அதுல பெருக்கல் தொடங்கின நாளும் போச்சு.”

படி 5: கூட்டத்தின் வடிவத்தை மாற்றுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பள்ளிகளில் மரியா பரேதெஸ் தொடங்கிய கூட்ட முறை ஒன்று உண்டு. ஆண்டுக்கு மூன்று முறை வகுப்புப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, பெயர் இல்லாத வகுப்பு விவரத்தைப் பார்த்து, தங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, 60 நாளுக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த இலக்குக்கான பயிற்சியை அங்கேயே செய்து பழகுவார்கள். முழு முறையையும் எடுத்துச் செய்ய முடியாவிட்டாலும், அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். என் கூட்டங்களில் இப்போது பேச்சு பதினைந்து நிமிடம். மீதி நேரம் பெற்றோர் குச்சிக் கட்டைப் பிரிக்கிறார்கள், பிள்ளை படிப்பதைக் கேட்கிறார்கள். சின்ன வகுப்பில் பெயர் எழுதாவிட்டாலும் யார் என்று ஊகித்துவிடுவார்கள், அதனால் நான் ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளையின் எண்ணை மட்டும் தனிச்சீட்டில் கொடுக்கிறேன்.

வில்லியம் ஜெய்ன்ஸ் 2005-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ‘என் பிள்ளையால் முடியும்’ என்ற பெற்றோரின் எதிர்பார்ப்புக்கும் படிப்புக்கும் இருந்த தொடர்பு வலுவாகத் தெரிந்தது. அந்த நம்பிக்கை வர, பிள்ளை ஒன்றைச் செய்து முடிப்பதைப் பெற்றோர் கண்ணால் பார்க்க வேண்டும். கூட்டத்தில் அதற்கு இடம் கொடுங்கள்.

படி 6: வராதவர்களைத் தேடிப் போங்கள்

வராத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரவு வேலை, கைக்குழந்தை, தான் படித்த காலத்தில் பள்ளியில் பட்ட அவமானம், இப்படி எதுவாகவும் இருக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தில் செய்தி அனுப்பாமல் குரல் பதிவு அனுப்புங்கள். பொதுக் குழுவில் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் போடாதீர்கள், அது ஒரு குடும்பத்தை நிரந்தரமாகத் தள்ளிவைத்துவிடும். அழைக்கும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். பொது அறிவிப்புக்கு அசையாதவர்கள் அதற்கு வருவார்கள்.

படி 7: ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்

அதே கடினத்தில் வேறொரு பத்தி, அதே ஒரு நிமிடம். முன்பு 22 சொல் படித்த பிள்ளை இப்போது 31 படித்தால், இரண்டு எண்ணையும் பிள்ளையின் கையாலேயே எழுதவைத்து வீட்டுக்கு அனுப்புங்கள். எண் நகரவில்லை என்றால் போன் செய்து, அந்தப் பத்து நிமிடம் வீட்டில் எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நேரம் ஒத்துவரவில்லை என்பார்கள், அல்லது வேலை கடினமாக இருந்திருக்கும். வேலையை மாற்றி, இன்னும் ஆறு வாரத்துக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.