பைக்குள்ள இருந்தே 999க்கு கால் போகுதா? இப்படி நிறுத்துங்க

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாமான் வாங்கிட்டு வரும்போது அம்மா கைப்பைக்குள்ள இருந்த ஃபோன்ல திடீர்னு அலாரம், எடுத்துப் பார்த்தா ஸ்கிரீன்ல 3, 2ன்னு எண்ணிக்கிட்டு இருக்கு, கேன்சல் பண்றதுக்குள்ள நம்ம மலேசியா அவசர உதவி நம்பர் 999க்கு லைன் போயிருச்சு, அம்மாவுக்கு கையெல்லாம் நடுங்கிருச்சு.

பவர் பட்டனை 5 தடவை வேகமா அமுக்கினா கால் போற மாதிரி வச்சிருக்காங்க, ஆண்ட்ராய்டு 12ல இருந்தே இது இருக்கு. பட்டன் வெளிய துருத்திக்கிட்டு இருந்தா சாவிக்கொத்தே போதும். மோட்டார் சைக்கிள்ல ஃபோன் ஹோல்டர் மாட்டுறவங்க அந்தப் பிடி பட்டன் மேல உக்காராம பார்த்து மாட்டுங்க.

செட்டிங்ஸ்ல சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி, அதுல எமர்ஜென்சி எஸ்ஓஎஸ். தானா கால் போகாம, நாம ஸ்கிரீனைத் தொட்டுப் பிடிச்சாதான் போகும்னு மாத்துற வசதி இருந்தா அதைப் போடுங்க, மொத்தமா ஆஃப் பண்றது கடைசி வழிதான், ஏன்னா வீட்டுல தனியா இருக்கிற பெரியவங்களுக்கு அது உயிர் காக்கிற பட்டன்.

ஐஃபோன்ல எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்க்குள்ள ஹோல்ட் அண்ட் ரிலீஸ், 5 பட்டன் பிரஸ்ஸஸ் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பட்டனைப் பிடிச்சு, ஸ்கிரீன்ல இழுத்து கூப்பிடுற வழி அப்பவும் இருக்கும், பயப்படாதீங்க.

112 அடிச்சாலும் இங்க 999க்குத்தான் போகும்.

கால் போயிருச்சுன்னா தயவுசெஞ்சு கட் பண்ணாதீங்க லா, ஆபத்தா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? “மாஆஃப், சாலா தெக்கான்”னு (மலாய்ல ‘மன்னிக்கணும், தவறுதலா அமுக்கிட்டேன்’) சொல்லிட்டு, அவங்க சரின்னு சொன்னப்புறம் வைங்க.