கவுட் உள்ளவர்களின் மாலை நேரத் தீனி: சுண்டலுக்குத் தடை, ஜூஸுக்கு அனுமதியா?

ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிந்து வலியும் வீக்கமும் தரும் நோய்தான் கவுட். யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது சுண்டல். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் பயறில் இருப்பது உண்மைதான். ஆனால் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் கவுட் வரும் வாய்ப்பைக் கூட்டியவை இறைச்சியும் மீன் வகைகளும்தான். பயறு, கீரை, காளான் கூட்டவில்லை. கொழுப்பு நீக்கிய பால், தயிர் அதைக் குறைக்கவே செய்தன. ஆகவே வேகவைத்த சுண்டல் ஒரு சின்னக் கிண்ணம், கூடவே ஒரு டம்ளர் மோர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையான வம்பு ஜூஸ் கடையில் இருக்கிறது. ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் பிழிகிறார்கள், போதாததற்கு மேலே சர்க்கரை. அதிலுள்ள ஃபிரக்டோஸைக் கல்லீரல் அவசரமாகக் கையாளும்போது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகிச் சிதைகிறது. அந்தச் சிதைவின் கடைசிப் பொருள்தான் யூரிக் அமிலம். பியூரினே இல்லாத கோலா யூரிக் அமிலத்தை ஏற்றுவதும் இப்படித்தான். தேன், நாட்டுச்சர்க்கரை என்று மாற்றினால் பெயர்தான் மாறும், ஃபிரக்டோஸ் அப்படியே இருக்கும். பழத்தை முழுசாகச் சாப்பிடுங்கள்: ஒரு கொய்யா அல்லது ஒரு சாத்துக்குடி.

நெத்திலி வறுவல், கருவாடு, ஈரல் மூன்றிலும் பியூரின் மிக அதிகம். 'கொஞ்சம் தொட்டுக்கத்தானே' என்று ஆரம்பித்துத் தட்டு காலியாகிவிடும். அதோடு பீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்: பீரில் மதுவோடு பியூரினும் உண்டு.

மிக்சர், முறுக்கில் பியூரின் பெரிதாக இல்லை. உப்பும் எண்ணெயும்தான் பிரச்சினை. ரத்த அழுத்தத்துக்காகத் தரும் சில நீர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தை ஏற்றும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பயந்து தீனியே வேண்டாம் என்று பட்டினி கிடப்பதும் ஆகாது. அப்போது உடல் கொழுப்பை எரிப்பதால் உருவாகும் கீட்டோன்கள் என்ற பொருட்கள், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும்.

உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் ரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவது பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 1 மி.கி. அளவுதான். இலக்கோ டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழே. 'இப்போதான் வாயைக் கட்டிட்டேனே' என்று, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையான அல்லோபியூரினாலை நீங்களாக நிறுத்தாதீர்கள்.